செலியாபின்ஸ்க் மாதிரி இன்னொரு கல்: அடுத்தது 2083-லயா?

வால்வெள்ளி:
2013 பிப்ரவரி 15-ல ரஷ்யாவின் செலியாபின்ஸ்க் மேல வெடிச்ச அளவு விண்கல் 70 வருஷத்துக்கு ஒண்ணுதான் வரும்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. அப்போ 2083 வரைக்கும் கவலை இல்லையா? இந்த 70 எங்கிருந்து வருது?

அடுக்குக்குறி:
அது பஸ் டைம்டேபிள் இல்லைங்க, சராசரி. 1994 முதல் 2002 வரை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்த சுமார் 300 எரிபந்துகளை (காற்றில் எரிந்து வெடிக்கும் விண்கற்களை) வைத்துப் போட்ட சூத்திரம் ஒன்று இருக்கு. வெடிப்பின் ஆற்றலைக் கிலோடன்னில் (ஒரு கிலோடன் = ஆயிரம் டன் TNT வெடிமருந்து) எடுத்து 0.9 அடுக்குக்கு உயர்த்துங்க. வந்த எண்ணால் 3.7-ஐ வகுத்தால், அந்த ஆற்றலிலோ அதற்கு மேலோ வருஷத்துக்கு எத்தனைன்னு கிடைக்கும். செலியாபின்ஸ்க் சுமார் 500 கிலோடன். 500-க்கு 0.9 அடுக்கு 269, 3.7 ÷ 269 = 0.0138. அதாவது 73 வருஷத்துக்கு ஒன்று.

போன கல் எப்போ வந்ததுன்னு அடுத்த கல்லுக்குத் தெரியாது. அதனால எந்தப் பத்து வருஷத்தை எடுத்தாலும் வாய்ப்பு ஏறக்குறைய 13%, ஐம்பது வருஷத்துக்குப் பாதிக்குப் பாதி. இது மொத்த பூமிக்கும் சேர்த்து. அதில் 70% கடல். 2018 டிசம்பரில் பேரிங் கடல் மேல் 173 கிலோடன் வெடித்ததை அப்போ எத்தனை பேர் கவனிச்சாங்க?

ஒரு எச்சரிக்கை: அந்த 300-ல் பெரும்பாலானவை சின்னக் கற்கள். 500 கிலோடன்னுக்கு வந்த விடை, அந்தச் சூத்திரத்தைப் பெரிய கற்களுக்கும் நீட்டிப் படித்தது. 2013-க்குப் பிறகு வந்த ஆய்வுகள், பத்து இருபது மீட்டர்க் கற்கள் இன்னும் அடிக்கடி வரலாம்னு சொல்லுது.

வால்வெள்ளி:
சரி, புரியுது. ஆனா தரையைத் தொடாமலே ஏன் வெடிக்குது? அதை முன்னாடியே ஏன் யாரும் பார்க்கலை?

கண்ணாடித்தூள்:
உள்ளே வெடிமருந்து எதுவும் இல்லை. நொடிக்கு 19 கி.மீ. வேகத்தில் வந்தால் 30 கி.மீ. உயரத்து மெல்லிய காற்றே முன்பக்கத்தைத் தரையில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல 60 மடங்குக்கு மேல் தள்ளும். விரிசல் விட்ட கல் அதைத் தாங்காது. உடைந்ததும் காற்று படும் பரப்பு பல மடங்கு ஆகிவிடும், இருக்கிற வேகம் முழுவதும் ஓரிரு நொடியில் வெப்பமாகக் கொட்டிவிடும். இரும்புக் கல் என்றால் கதை வேறு, அது தரை வரை வரும்.

பார்க்காததுக்குக் காரணம், அது சூரியன் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. தரைத் தொலைநோக்கிகளுக்கு அந்தத் திசை குருடு. இரவுப் பக்கமாக வந்தால் சின்னதும் சிக்கும்: 2008-ல் சூடான் மேல் எரிந்த 4 மீட்டர்க் கல்லை ஒரு நாளுக்குள் முன்னதாகக் கண்டுபிடிச்சாங்க.

செலியாபின்ஸ்க்கில் அடிபட்ட சுமார் 1,500 பேரில் பெரும்பாலோருக்குக் காயம் கண்ணாடியால்தான். வெளிச்சத்தைப் பார்த்து ஜன்னலுக்குப் போய் நின்னாங்க. அதிர்வலை வர ஒன்றரை நிமிஷத்துக்கும் மேல ஆச்சு. நிழல் திடீர்னு கூர்மையா விழுற மாதிரி வெளிச்சம் தெரிஞ்சா ஜன்னலை விட்டு விலகி, சுவரோரம் குனிஞ்சு, குறைந்தது ஐந்து நிமிஷம் இருங்க. முதல் சத்தத்தோட எழுந்திருக்காதீங்க, கல் பல இடத்தில் உடைந்திருந்தால் அடுத்தடுத்து வரும்.