பள்ளியில் நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவராக மாறுவது எப்படி? ஜான் வூடனின் ஆசிரியப் பணிக்காலம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (உடற்கல்வி ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். பள்ளி நாள்களில் மாநில அளவில் கூடைப்பந்து ஆடியவள் நான். இப்போது அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இரண்டாவது ஆண்டு பணியாற்றுகிறேன். மாலை வேளைகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குப் பயிற்சி கொடுக்கிறேன். லே-அப் (ஓடி வந்து வளையத்தருகே எழும்பிப் பந்தைப் போடுவது) போடும் முறையை நானே ஓடிப் போய்ப் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அவர்கள் முறை வரும்போது கால் பின்னிக்கொண்டு, தவறான காலில் எழும்பி, பந்தைப் பலகையின் அடியில் மோத விடுகிறார்கள். "இப்பத்தானே காட்டினேன்" என்று குரலை உயர்த்திவிட்டு, பிறகு வீட்டுக்குப் போய் அதை நினைத்து வருந்துகிறேன். அந்த அடிவைப்பு எனக்கு எப்போது, எப்படி வந்தது என்பது எனக்கே நினைவில் இல்லை. அப்படிப்பட்ட ஒன்றைப் பிறருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் என் சிக்கல்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் யூ.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) அணிக்குப் பத்து தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்த ஜான் வூடன், அதற்கு முன் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று அறிந்தேன். பட்டங்களைப் பற்றி நிறையவே படிக்கக் கிடைக்கிறது. பள்ளி அணியின் நட்சத்திரமாக இருந்த ஒருவர் ஆசிரியராக மாறிய அந்தத் தொடக்க காலத்தைப் பற்றியும், அவர் சொல்லிக்கொடுத்த முறையைப் பற்றியும் தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

பதில் 1 (ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்)

அன்புள்ள ஆசிரியைக்கு, உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வூடனும் என்னைப் போல ஆங்கிலம் நடத்தியவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனிப்பட்ட பற்று உண்டு.

அவர் 1910இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்து பண்ணையில் வளர்ந்தவர். அவருடைய முதல் பந்து, பழைய காலுறைக்குள் கந்தல் துணியை அடைத்து அம்மா தைத்துக் கொடுத்தது. முதல் வளையம், அடிப்பகுதியை எடுத்துவிட்டு வைக்கோல் கொட்டகைச் சுவரில் அறைந்த தக்காளிக் கூடை. பண்ணை கைவிட்டுப் போன பிறகு குடும்பம் மார்ட்டின்ஸ்வில் என்ற சிற்றூருக்கு வந்தது. ஊரின் மொத்த மக்கள்தொகையைவிட அதிகமான பேர் உட்காரக்கூடிய உள்ளரங்கம் அங்கிருந்த உயர்நிலைப் பள்ளிக்கு இருந்தது என்றால், அந்த ஊருக்குக் கூடைப்பந்து எவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ளலாம். வூடன் ஆடிய 1926, 1927, 1928 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்தப் பள்ளி மாநில இறுதிப் போட்டிக்குப் போனது. 1927இல் வென்றது. 1928இல், கடைசி நொடிகளில் எதிரணி வீரர் உயரமாகத் தூக்கி எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்ததால், மன்சி அணியிடம் 13-12 என்று தோற்றது. பிறகு பர்டியூ பல்கலைக்கழகத்தில் நாட்டின் தலைசிறந்த கல்லூரி வீரர்களைக் கொண்ட 'அனைத்து அமெரிக்க அணி'க்கு மூன்று முறை தேர்வாகி, 1932இல் ஆங்கிலத்தில் பட்டம் பெற்று வெளியே வந்தார்.

நீங்கள் கேட்ட பகுதி இங்கேதான் தொடங்குகிறது. கென்டக்கி மாநிலத்து டேடன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் சேர்ந்த அவருடைய முதல் பருவத்தில் அணி 6 ஆட்டங்களில் வென்று 11 ஆட்டங்களில் தோற்றது. மாணவராக இருந்தவரை தோல்வியை அரிதாகவே கண்ட ஒருவர், ஆசிரியரான முதல் ஆண்டிலேயே வெற்றியைவிடத் தோல்வியை அதிகம் பார்த்தார். ஆட்டத் திறமை தானாகவே கற்பிக்கும் திறமையாக மாறிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உங்கள் இரண்டாம் ஆண்டுச் சிக்கலை அவரும் கடந்து வந்திருக்கிறார்.

அடுத்து சௌத் பெண்ட் நகரின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில், 1943இல் கடற்படையில் சேரும்வரை, ஆங்கிலம் நடத்திக்கொண்டே அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தக் காலத்தில் அவரை மிகவும் வருத்திய விஷயம் மதிப்பெண். தன்னால் இயன்ற அளவு உழைத்து நடுத்தர மதிப்பெண் வாங்கிய பிள்ளையையும், 'ஏன் இன்னும் மேலே வரவில்லை' என்று பெற்றோர் குறை சொன்னதை அவரால் ஏற்க முடியவில்லை. அந்த வருத்தத்திலிருந்தே, தன் திறனுக்குள் அடங்கிய மிகச் சிறந்த நிலையை எட்ட முழுமையாக முயன்றோம் என்று அறிவதால் வரும் மனநிறைவுதான் வெற்றி என்ற பொருளில் ஒரு வரையறையை 1934இல் அவர் எழுதிக்கொண்டார். பிற்காலத்தில் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட 'வெற்றிப் பிரமிடு' வரைபடத்தின் உச்சியில் இருப்பதும் அந்த வரையறைதான்.

என் கருத்து ஒன்றைச் சேர்க்கிறேன். கட்டுரை எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் தான் எழுதிய அருமையான கட்டுரையை வாசித்துக் காட்டினால் வகுப்பு ரசிக்கும். ஆனால் ஒருவருக்கும் எழுத வராது. மாணவனின் நோட்டைத் திறந்து, இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே போயிற்று என்று கேட்டால்தான் அவன் கை அடுத்த முறை சரியாகப் போகும். நீங்கள் ஓடிப் போய்ப் போட்டுக் காட்டும் லே-அப், உங்களுடைய கட்டுரை. அவர்களுடைய நோட்டு, அவர்கள் கால் வைக்கும் இடத்தில் இருக்கிறது.

பதில் 2 (சிறுவர் அணிப் பயிற்சியாளர்)

ஐயா சொன்னதற்கு ஆதாரமாக ஓர் ஆய்வே இருக்கிறது. வூடனின் கடைசிப் பருவமான 1974-75இல் ரொனால்ட் காலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் அவருடைய பயிற்சி வேளைகளில் 15ஐ நேரில் கவனித்து, அவர் பேசியதையும் செய்ததையும் 2,326 கற்பித்தல் செயல்களாகக் குறித்துக்கொண்டார்கள். அவற்றில் பாராட்டு ஏறத்தாழ 7 விழுக்காடு. அதிருப்தியும் கிட்டத்தட்ட அதே அளவு. ஏறத்தாழ முக்கால் பங்கு, என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற தகவலாகவே இருந்தது. பெரும்பாலும் ஓரிரு சொற்களில் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர விட்டிருக்கிறார்.

அவர் திருத்திய விதம் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். தவறு நடந்த உடனே நிறுத்தி, சரியான முறையை ஒரு முறை செய்து காட்டுவார். அடுத்து அந்த மாணவர் செய்த தவறை அப்படியே செய்து காட்டுவார். மறுபடியும் சரியான முறையைக் காட்டுவார். இது பெரும்பாலும் ஐந்து நொடிகளுக்குள் முடிந்துவிடும். நீங்கள் சரியானதை மட்டும் காட்டுகிறீர்கள். தான் செய்ததற்கும் நீங்கள் செய்ததற்கும் என்ன வேறுபாடு என்பதை அந்தப் பிள்ளை பார்க்கவே இல்லை.

இன்னொன்று, முன்தயாரிப்பு. இரண்டு மணி நேரப் பயிற்சியை நிமிடக் கணக்கில் பிரித்துச் சிறு அட்டைகளில் எழுதி எடுத்து வருவார். அதைத் திட்டமிடுவதற்குப் பயிற்சிக்கு ஆகும் நேரத்துக்குக் குறையாத நேரத்தைக் காலையில் செலவிடுவார். பழைய அட்டைகளையும் பாதுகாத்து வைத்திருந்தார்.

பருவத்தின் முதல் நாளில் அவர் சொல்லிக்கொடுத்தது காலுறை அணியும் முறை. விரல் பகுதியிலும் குதிகாலிலும் சுருக்கம் இல்லாமல் காலுறையை நீவி இழுத்து, பிறகு ஷூவின் கயிற்றை ஒவ்வொரு துளையாக இறுக்கி, இரட்டை முடிச்சு போட வேண்டும். அமெரிக்காவின் தலைசிறந்த இளம் வீரர்கள் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்டார்கள். சுருக்கத்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தவர் பயிற்சியைத் தவறவிடுவார் என்பதே காரணம்.

உங்கள் லே-அப்புக்கு என் யோசனை: பந்தைக் கையில் கொடுக்காதீர்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வளையத்தின் வலப்புறம் சாக்பீஸால் இரண்டு தடங்கள் வரையுங்கள். முதலில் வலது கால், அடுத்து இடது கால், இடது காலில் எழும்பும்போது வலது முழங்கால் மேலே வர வேண்டும். இது நடையில் வந்த பிறகு ஓட்டம், அதன் பிறகு பந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடும் டிரிபிள்.

பதில் 3 (மற்றொரு உடற்கல்வி ஆசிரியர்)

மேலே எழுதிய இருவரோடும் உடன்படுகிறேன். ஆனால் வூடனைக் கோபமே அறியாத முனிவராக நினைத்து, அந்த அளவுகோலால் உங்களை அளந்து வருந்த வேண்டாம். சுருட்டிய தாளை வாயருகே வைத்துக்கொண்டு நடுவர்களையும் எதிரணி வீரர்களையும் சீண்டியவர் அவர். யூ.சி.எல்.ஏ.வில் 1948இல் சேர்ந்து, முதல் தேசியப் பட்டத்தை 1964இல்தான், தம் பதினாறாவது பருவத்தில், பெற்றார். பின்னாளில் வந்த நெடிய வீரர்களால்தான் வென்றார் என்பாரும் உண்டு. ஆனால் அந்த 1964 அணியின் தொடக்க ஐவரில் ஆறடி ஐந்து அங்குலத்துக்கு மேல் ஒருவரும் இல்லை.

நான் அவரை மதிப்பதற்குக் காரணம் வேறு. 1947இல் இந்தியானா மாநில ஆசிரியர் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தபோது, அவருடைய அணிக்குத் தேசியப் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. கறுப்பின வீரர்கள் அதில் ஆடக்கூடாது என்று விதி இருந்தது. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். வூடன் அழைப்பை மறுத்துவிட்டார். வாக்கர் அணியின் முன்னணி ஆட்டக்காரர் அல்லர், மாற்று வீரர். அடுத்த ஆண்டு விதி தளர்ந்து, வாக்கரும் அப்போட்டியில் ஆடினார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் என் மாணவன்தான் என்று நினைத்தவரால்தான் அப்படி மறுக்க முடிந்திருக்கும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை பயிற்சிக்கு முன், பிள்ளைகள் எல்லாரையும் தரையில் உட்கார வைத்து ஷூவைக் கழற்றச் சொன்னேன். அடிக்கடி கால் தடுமாறும் மாணவி ஒருத்தி, அண்ணனுடைய பெரிய ஷூவைப் போட்டுக்கொண்டு, முன்பக்கம் துணியைத் திணித்து வைத்திருந்தாள். இரண்டு மாதங்களாக அவளிடம்தான் நான் அதிகம் குரல் உயர்த்தியிருக்கிறேன். அவளுக்கு ஏற்ற அளவில் ஷூ கிடைக்கும்வரை, சாக்பீஸ் தடங்களின்மேல் வெறுங்காலோடு நடக்கச் சொன்னேன். வலது, இடது என்று நான் சொல்லச் சொல்ல, ஏழாவது முறையில் அடி சரியாக விழுந்தது. இந்த வாரத்துக்கு ஐந்து அட்டைகள் எழுதி வைத்திருக்கிறேன். நாற்பது நிமிடப் பயிற்சியில் பந்து இல்லாத அடிவைப்புக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். அது போதுமா என்பதை மட்டும் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.