மறு: மக்காச்சோளக் களைக்கொல்லி – "முளைத்தடுப்பான்" வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்.

நாம தொகுக்குற வேளாண் கலைச்சொல் பட்டியல்ல, மக்காச்சோளம் விதைச்ச 3-லேர்ந்து 5 நாளுக்குள்ள ஈரமண்ணுல அடிக்கிற அட்ரசின் மாதிரி களைக்கொல்லி மருந்துக்கு "முளைத்தடுப்பான்"னு பேர் வைக்கலாம்னு ஐயா எழுதியிருந்தீங்க. சொல் சின்னதா நல்லாத்தான் இருக்கு, ஆனா செடிக்குள்ள நடக்கிறது அது இல்லீங்க. அட்ரசின் முளைப்பைத் தடுக்கவே தடுக்காது. சாரணை, தொய்யக்கீரை மாதிரி களையெல்லாம் முளைச்சு வெளிய வரும், வேர் வழியா மருந்து ஏறி ஒளிச்சேர்க்கை நின்னுபோய் இலை ஓரம் மஞ்சளாகிக் கருகிச் சாகும். மக்காச்சோளம் அதே மருந்தை உள்ள இழுத்து சிதைச்சிடும், அதனால தப்பிச்சுக்குது. இப்ப "முளைத்தடுப்பான்"னு எழுதினா, வயல்ல நாத்து மாதிரி களை தலைகாட்டுறதைப் பார்த்து மருந்து வேலை செய்யலைன்னு நினைச்சு இன்னொரு தடவை அடிச்சிடுவாங்க. அது மண்ணுல தங்கி அடுத்து போடற உளுந்தைத்தான் கெடுக்கும்.

ஏற்கனவே புழங்குற "முன்முளைப்புக் களைக்கொல்லி"யும் எனக்கு ஒத்துவரலை. எதோட முளைப்பு? பயிரா, களையா? பெரம்பலூர் பக்கம் புரட்டாசி மழையில விதைச்சவங்க நாலு நாள் விடாம மழை பெஞ்சு வயல்ல கால் வைக்க முடியலைன்னா, பயிர் முளைச்சிடுச்சே இனிமே அடிக்கக்கூடாதுன்னு விட்டுடுவாங்க. கணக்கு பார்க்க வேண்டியது களையை, பயிரை இல்லை. அதனால களைங்கிற சொல் முன்னாடி வரணும்.

என் பரிந்துரை "களைமுந்து கொல்லி", "களைபிந்து கொல்லி". களைக்கு முந்தி அடிக்கிறது, களைக்குப் பிந்தி அடிக்கிறது, ஊர்ல பேசுற மாதிரியே இருக்கு. டெம்போட்ரியோன், டோப்ரமெசோன் எல்லாம் இரண்டாவது வகை, களை 2-லேர்ந்து 4 இலையில இருக்கும்போது அடிச்சா சில நாள்ல குருத்து வெள்ளைவெளேர்னு வெளுத்துப்போகும். கடையில "களை மருந்து"ன்னு கேக்குறாங்களே, மருந்துன்னே வைக்கலாமேன்னு சிலர் சொல்வீங்க. எனக்கு அதுல உடன்பாடில்லை, இது விஷம், பேர்லயே கொல்லின்னு இருக்கட்டும்.

இன்னொண்ணும் பட்டியல்ல சேர்க்கணும். பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் அடுத்தடுத்த வயல். மக்காச்சோளத்துக்கு 2,4-டிங்கிற களைக்கொல்லி அடிக்கும்போது காத்துல பறந்து போற பொடித்துளி பட்டாலே பருத்தி இலை குறுகி விரல் விரலா நீண்டுடும். அந்தப் பறக்குற துளிக்கு இப்ப "விலகல்"னு போட்டிருக்கீங்க, படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. "மருந்துச்சாரல்"னு போடலாமா? அதுல மட்டும் "மருந்து" இருக்கேன்னு கேட்டா "கொல்லிச்சாரல்"னு வச்சாலும் எனக்கு சரிதான். சாரல்ங்கிற சொல் இருந்தா போதும், காத்தடிக்கிறப்ப தெளிக்கக்கூடாதுன்னு தனியா விளக்கவேண்டிய அவசியம் வராது.