பின்னி மில்லை இடிச்சதுல தப்பு என்ன? பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு ஆளுங்க வாங்க

பட்டாளம் பையன்:
பி அண்ட் சி மில்லு, அதாவது பின்னி கம்பெனியோட பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் துணி மில்லு இருந்த இடத்துல இப்ப டவர் டவரா அபார்ட்மெண்ட், பழைய ஷெட்டுங்க பெரும்பாலும் தரைமட்டம். 1876-ல பக்கிங்ஹாம் மில்லுன்னு ஆரம்பிச்சு, பக்கத்துலயே கர்னாடிக் மில் வந்து, 1920-ல ரெண்டும் ஒரே கம்பெனியாகி, 1996-ல மொத்தமா மூடிட்டாங்க. முறையா அமைஞ்ச இந்தியாவோட முதல் தொழிற்சங்கம்னு சொல்ற மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27-ம் தேதி இந்த மில்லு ஆளுங்களுக்காக தான் ஆரம்பிச்சாங்க. மவுண்ட் ரோட்டுல ஒரு பழைய பில்டிங்ல கை வச்சா கோர்ட்டு வரைக்கும் போறவங்க, வடசென்னைன்னா மட்டும் ஏன் கம்முனு இருக்காங்க? இடிச்சது தப்புன்னு தான் சொல்வேன்.

இஎம்ஐ கட்டுறவன்:
ப்ரோ, மூடி கிடந்த காலம் பூரா அதை யார் வந்து பாத்தீங்க? புதர் மண்டி, கூரை ஒழுகி, சினிமா ஃபைட் ஷூட்டிங் தவிர ஒண்ணும் நடக்கல. வில்லனை தூக்கி அடிக்க ஒரு குடோன், அவ்ளோ தான் அந்த பாரம்பரியம். பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டுல மெட்ரோ வருது, ஜனங்களுக்கு வீடு வேணும், ஊர் நடுவுல அவ்ளோ இடத்தை சும்மா பூட்டி வைக்க சொல்றீங்களா?

ஓட்டேரி செல்வி:
வீடு வேணும் சரி தம்பி, யாருக்கு வீடுன்னு சொல்லு. அங்க வேலை செஞ்சவங்களோட பேரன் பேத்தி யாராவது அந்த ரேட்டுக்கு வாங்க முடியுமா? எங்க தாத்தா லூம் செக்‌ஷன். அந்த தறி சத்தத்துலயே இருந்து இருந்து காது மந்தமாயி, வீட்டுல சாம்பார் கேக்கறது கூட தெருமுனை வரைக்கும் கேக்கும், பக்கத்துல இருக்கறவர்கிட்ட பேச கையும் உதடும் தான்னு சொல்வாரு. சங்கு ஊதறதுக்குள்ள கேட்டுக்குள்ள போகணும், இல்லன்னா அன்னிக்கு சம்பளம் கிடையாது. 1918-ல சங்கம் கேட்டதே பெரிய புரட்சி ஒண்ணும் இல்ல, மதியானம் வீட்டுக்கு போய் சாப்ட்டு வர நேரம் பத்தல, லேட்டா வந்தா கேட்டை சாத்தறாங்க, இதெல்லாம் தான்.

லேபர் லா மாமா:
ஒண்ணு சேத்துக்கறேன். சங்கத் தலைவர் பி.பி. வாடியா, துணைத் தலைவர் திரு.வி.க., அடித்தளம் போட்டவங்க செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும். பின்னி கம்பெனி வாடியா மேல ஐகோர்ட்ல கேஸ் போட்டு தடை ஆர்டரும் வாங்கிடுச்சு, ஆளுங்களை வேலைக்கு போக விடாம தூண்டினாருன்னு. சங்கம் நடத்தினா இப்படி ஒரு கேஸ் வருமான்னு நாடு பூரா பேச்சாகி, அந்த இடத்துல இருந்து தான் 1926 டிரேட் யூனியன் சட்டத்துக்கு வழி பொறந்துது. இன்னிக்கு ஐடி கம்பெனில சங்கம் வைக்கலாமான்னு கேக்கறவனுக்கும் பாதுகாப்பு அந்த சட்ட வழியில வந்தது தான். இவ்ளோ நடந்த இடத்துக்கு ஒரு மூலையாவது மிச்சம் வச்சிருக்க வேணாமா?

இஎம்ஐ கட்டுறவன்:
மாமா, சட்டம் புக்ல இருக்கு, செங்கல்லுல இல்ல. மில்லு எதனால செத்துதுன்னு யாரும் பேச மாட்டேங்கறீங்க. பவர்லூம்காரன் கம்மி செலவுல நெய்யறான், ஜனங்க டெரிகாட்டனுக்கு மாறிட்டாங்க, மெஷினு பழசு, அடிக்கடி ஸ்ட்ரைக். ஒரு காலத்துல ராணுவத்துக்கே காக்கி துணி குடுத்த மில்லு, கடைசில ஆர்டரே இல்லாம போச்சு. பஞ்சு வாங்கறதுல இருந்து சாயம் போடற வரைக்கும் எல்லாம் ஒரே காம்பவுண்ட்ல செய்யற பெரிய மில்லுங்க இந்தியா பூரா அப்ப படுத்துடுச்சு, பின்னி மட்டும் எப்படி தப்பும்?

பட்டாளம் பையன்:
மில்லு ஓடணும்னு யார் சொன்னா? செத்ததை ஒத்துக்கறேன். கேள்வி நிலத்தை பத்தி. பாம்பேல 1982 ஸ்ட்ரைக்குக்கு அப்புறம் மில்லுங்க சாய்ஞ்சப்ப, 1991-ல ஒரு ரூல் கொண்டு வந்தாங்க: நிலத்தை வித்தா மூணுல ஒரு பங்கு பொது இடத்துக்கு, ஒரு பங்கு சாதாரண ஜனங்க வீட்டுக்கு, மிச்சம் தான் ஓனருக்கு. இங்க அந்த மாதிரி ஒரு பேச்சாவது எடுத்தாங்களா?

இஎம்ஐ கட்டுறவன்:
முழுசா சொல்லுங்க ப்ரோ. 2001-ல அந்த ரூலை திருத்தி, காலி இடத்துக்கு மட்டும் தான் அந்த கணக்குன்னு ஆக்கிட்டாங்க, 2006-ல சுப்ரீம் கோர்ட்டும் ஓகே பண்ணிடுச்சு. பாம்பே ஃபீனிக்ஸ் மில்லுல சிம்னி நிக்குது, அதுக்கு கீழ மால். அந்த சிம்னியை பாத்து எந்த தொழிலாளிக்கு வயிறு ரொம்புச்சு?

புளியந்தோப்பு பேரன்:
எல்லாரும் பேசிட்டீங்களா, இப்ப நான் கேக்கறேன். 1918 பத்தி மூணு பேர் சொன்னீங்க, 1921 பத்தி ஒருத்தர் வாய் தொறக்கல. அந்த வருஷம் மாசக்கணக்குல ஸ்ட்ரைக். ஆதிதிராவிட தொழிலாளிங்க நிறைய பேரு வேலைக்கு திரும்பினாங்க, கடன்லயும் பட்டினிலயும் இருந்தவங்க, ஆதிதிராவிட தலைவர் எம்.சி. ராஜாவும் அவங்க பக்கம் தான் பேசினாரு. அதுக்கு என்ன ஆச்சு? புளியந்தோப்புல குடிசைங்க எரிஞ்சுது, கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, செத்தவங்க எத்தனையோ பேர். எங்க பக்கத்து பெருசுங்களுக்கு மில்லுன்னா அந்த நெருப்பும் ஞாபகம் தான். அந்த மிச்ச மூலையில நீங்க மியூசியம்னு ஒண்ணு வச்சா அதுல இது வருமா, இல்ல திரு.வி.க. படத்துக்கு மாலை போட்டு முடிச்சுடுவீங்களா?

ஓட்டேரி செல்வி:
தம்பி சொல்றது நியாயம். ஆனா கட்டடமும் இல்லாம போனா அந்த கதையை எங்க நின்னு சொல்லுவ? இப்பவே என் பொண்ணுக்கு பி அண்ட் சின்னா பஸ்ல கேக்கற ஒரு பேரு, அவ்ளோ தான்.

புளியந்தோப்பு பேரன்:
எங்க தெருவுலயே நின்னு சொல்லுவேன்க்கா. கட்டடம் கம்பெனியோடது, தெரு எங்களோடது.

லேபர் லா மாமா:
சண்டை போடாதீங்கப்பா. 2012-லயே தமிழ்நாட்டுல ஹெரிடேஜ் கமிஷன் சட்டம் போட்டாச்சு. ஆனா நம்ம ஆளுங்களுக்கு பாரம்பரியம்னா கோயிலு, அரண்மனை, இந்தோ சாரசெனிக் டூம். ஃபாக்டரி ஷெட்டு, வொர்க்கர் லைன் வீடு இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது.

இஎம்ஐ கட்டுறவன்:
சரி மாமா, இடிச்சாச்சு, நாங்க குடி வந்தாச்சு. இப்ப என்ன பண்ண சொல்றீங்க, காலி பண்ணவா?

பட்டாளம் பையன்:
காலி பண்ண வேணாம். உங்க அசோசியேஷன்ல பேசி வாசல்ல ஒரு போர்டு, உள்ள ஒரு ரூம்ல பழைய போட்டோ, மஸ்டர் ரோல்னு சொல்ற தொழிலாளிங்க வருகைப் பதிவேடு, எது கிடைக்குதோ அது, சனி ஞாயிறு வெளியாளுங்களையும் விடுங்க. நான் வந்து எழுதி தர்றேன்.

இஎம்ஐ கட்டுறவன்:
செக்யூரிட்டி உள்ள விட மாட்டான் ப்ரோ, ஆப்ல அப்ரூவல் வேணும் 😄 ஆனா மீட்டிங்ல கேட்டு பாக்கறேன், ப்ராமிஸ் எல்லாம் இல்ல.

புளியந்தோப்பு பேரன்:
போர்டு எழுதறதா இருந்தா 1921-ஐ என்கிட்ட குடுங்க. நான் எழுதறேன்.