சேடில்பேக் தேடலுக்கு என் பரிந்துரை: ‘ஓரநீக்கத் தேடல்’

வணக்கம்.

அணியில் ஓர் எண்ணைத் தேடும் ‘சேடில்பேக் தேடல்’ (saddleback search) என்ற முறைக்குத் தமிழ்ச் சொல்லாக இங்கே முன்வைக்கப்பட்ட ‘சேணமுதுகுத் தேடல்’, ‘படியிறங்கு தேடல்’ இரண்டிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஓர் இருபரிமாண அணி. நிரைகள் இடமிருந்து வலமாகவும் நிரல்கள் மேலிருந்து கீழாகவும் ஏறுவரிசையில் உள்ளன. மொத்த அணிக்கும் ஒரே வரிசை கிடையாது. இதில் 29ஐத் தேட வலது மேல் மூலையில் தொடங்குகிறோம். அங்கே 40 இருந்தால், அந்த நிரலில் 40க்குக் குறைந்த எண்ணே இருக்காது. முழு நிரலையும் தள்ளிவிடலாம். 15 இருந்தால், அந்த நிரையில் எதுவும் 15ஐத் தாண்டாது; நிரையைத் தள்ளிவிடலாம். மிஞ்சும் செவ்வகத்தின் வலது மேல் மூலையில் மறுபடி இதே வேலை. இடது மேல் மூலையில் தொடங்கினால் நடக்காது. அங்கிருந்து வலப்பக்கம் போனாலும் கீழே போனாலும் பெரிய எண்கள்தான். எதையும் கழிக்க முடியாது.

1000 நிரை, 1000 நிரல் என்றால் பத்து லட்சம் எண்கள். அவற்றில் அதிகபட்சம் 1999 எண்களைப் பார்த்தால் போதும். நிரைக்கு நிரை இருமத் தேடல் (நடு எண்ணோடு ஒப்பிட்டு ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளும் முறை) செய்தால் சுமார் 10,000 ஒப்பீடுகள் ஆகும்.

சேடில்பேக் என்ற பெயர் கணினி அறிவியலாளர் டேவிட் கிரீஸ் வைத்தது. எண்களை உயரமாக வைத்து வரைந்தால் வரும் வடிவம் குதிரைச் சேணம் போலத் தெரியும். படத்தைப் பார்க்காத மாணவருக்குச் ‘சேணமுதுகு’ எதையும் சொல்லாது. ‘படியிறங்கு’ கேட்க அழகுதான், தேடல் போகும் தடமும் படி போலவே இருக்கும். ஆனால் இறங்குவரிசை என்ற சொல் புழக்கத்தில் இருக்கும்போது, எண்கள் இறங்குவரிசையில் இருக்க வேண்டும் போலிருக்கிறதே என்று குழம்புவார்கள்.

என் பரிந்துரை ‘ஓரநீக்கத் தேடல்’. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் மேல் ஓரமோ வல ஓரமோ போகிறது. நீக்க இருப்பவை நிரைகளும் நிரல்களும் மட்டுமே என்பதால், ஒப்பீடுகளின் எண்ணிக்கை அவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டாது என்பதும் பெயரிலேயே விளங்கிவிடும். நிரலுக்குள் குறிப்பு எழுதும்போதும் ‘வல ஓரத்தை நீக்கு’ என்று இயல்பாக வரும். அட, ‘நிரல்’ என்றால் புரோகிராமும்தான்! அந்தச் சிக்கலைத் தனி இழையில் பேசியே ஆகவேண்டும்.

‘விளிம்புநீக்கம்’ வேண்டாம் என்பேன். கோட்டுருவியலில் (graph theory) விளிம்புக்கு, இரு புள்ளிகளை இணைக்கும் கோடு என்ற வேறு பொருள் நிலைத்துவிட்டது.

சொல் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 10 நிரை, பத்து லட்சம் நிரல் என்று அணி ஒடுங்கி நீண்டிருந்தால் நிரைதோறும் இருமத் தேடலே மேல்; சுமார் 200 ஒப்பீடுகளில் முடியும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இந்தச் சொல்லையே பட்டியலில் ஏற்றிவிடலாமா?