கண்ணை விட்டுப் போகாத ஒரு கூடு, ஒரு குஞ்சு: பார்த்ததைப் பகிருங்கள்

கரையோரம், பெசன்ட் நகர்

பிப்ரவரி, விடிந்து ஒரு மணி நேரம். பங்குனி ஆமை ஏறி இறங்கிய தடம் மணலில் அப்படியே இருக்கிறது, குழி காலி. நாய் தின்றுவிடக் கூடாதே என்று யாரோ நல்ல மனதோடு தோண்டி, முட்டை அத்தனையையும் பிளாஸ்டிக் பக்கெட்டில் கொட்டியிருந்தார். பக்கெட்டைத் தூக்கியதும் அவை ஒன்றன்மேல் ஒன்று உருண்டன. அந்தக் காட்சிதான் போக மாட்டேன் என்கிறது. பொரிப்பகத்தில் புதைத்தும் அந்தக் கூட்டிலிருந்து மேலே வந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இட்ட சில மணி நேரத்திலேயே கரு மேல்பக்கமாக நகர்ந்து ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முட்டை புரண்டால் சவ்வு கிழிந்து கரு சாகும். கோழி முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைவைத்துப் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினம். கோழி முட்டைக்குள் மஞ்சள் கருவை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் முறுக்கு நூல் உண்டு, ஆமை முட்டையில் அது கிடையாது.

முட்டையை மாற்றுவது பயிற்சி பெற்றவர்கள், அதுவும் அனுமதியோடு செய்கிற வேலை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. 1988 முதல் இந்தக் கரையில் நடக்கும் மாணவர் கடலாமைக் குழுவினர் இரவிலேயே கூட்டைக் கண்டுபிடிக்கப் பாடுபடுவது இதற்காகத்தான். இட்டு ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. ஒவ்வொரு முட்டையும் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கம் மேலே இருக்க வேண்டும். புதுக் குழி சுமார் 45 செ.மீ. ஆழம், கூஜா மாதிரி கழுத்து குறுகி அடி அகன்றது. பழைய கூட்டின் ஈர மணலையும் கொண்டுவந்து போட வேண்டும். மேலே அழுத்தி மிதிக்கக் கூடாது, மணல் இடுக்கில் காற்று வேண்டும். ஒரு கூட்டில் 100 முதல் 120 முட்டை, பொரிய 45 முதல் 60 நாள். சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். ஊர்வன எல்லாமே அப்படித்தான்.

வடநெம்மேலி பக்கம்

கடைசி வரி சரியில்லை. ஆமைக்குப் பொருந்துவது முதலைக்குப் பொருந்தாது. சதுப்பு முதலை முட்டையை 28 முதல் 31 டிகிரி வரை வைத்தால் வருபவை எல்லாம் பெண். 32.5 டிகிரியை ஒட்டி ஆண். அதற்கும் மேலே போனால் இரண்டும் கலந்து வரும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணை முட்டைகளிலேயே ஆராய்ந்து எழுதிய முடிவு இது. பாம்புக்கோ வெப்பத்தால் எதுவும் தீர்மானம் ஆவதில்லை, குரோமோசோம்தான்.

புரட்டக் கூடாது என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. எடுக்கும்போதே மேல்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால் குழப்பம் வராது. ஓரிரு நாளில் ஓட்டின் நடுவே சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைப் பட்டை தோன்றி அகலமாகும். பட்டை வராத முட்டையில் கரு இல்லை, அதை விலக்கிவிடலாம். அழுகினால் பக்கத்து முட்டைக்கும் பூஞ்சை ஏறும்.

மறக்க முடியாதது தகப்பன் முதலை. பொரியும் நாளில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கும். மணலுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டதும் ஆண் வந்து கூட்டைத் தோண்டியது. உடையாத ஒரு முட்டையை வாயில் எடுத்து, நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே மெல்ல உருட்டி ஓட்டை விரிசல் விட வைத்தது. எலும்பை நொறுக்கும் தாடை அது. குஞ்சின் மேல் ஒரு கீறல் இல்லை.

மேற்கு மாம்பலம், மூணாவது மாடி

ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னாடியிருந்து விழுந்த புறாக் குஞ்சு. உடம்பெல்லாம் மஞ்சள் நூல் மாதிரி முடி, கண் இன்னும் திறக்கலை. வீட்டுக்காரங்க பாவம்னு இங்க் ஃபில்லர்ல பசும்பால் ஊத்தியிருந்தாங்க. தீனிப்பை பலூன் மாதிரி உப்பி, வாயில புளிச்ச தயிர் வாசம். சாயங்காலத்துக்குள்ள போயிடுச்சு.

புறாப்பால்னு பேர்தான் பால். தாய், தகப்பன் ரெண்டோட தீனிப்பைச் சுவர்லயிருந்தும் உதிர்ற செல்தான் அது, கட்டித் தயிர் மாதிரி இருக்கும். முழுக்கப் புரதமும் கொழுப்பும், பால் சர்க்கரை துளிகூடக் கிடையாது. முதல் மூணு நாலு நாள் அது மட்டும்தான் ஆகாரம். அப்புறம் ஊறின தானியம் கலந்து வரும், பத்து நாள்ல பெரும்பாலும் தானியம். ரெண்டு முட்டை, 18 நாள் அடை, பகல்ல ஆண் உட்காரும், மத்த நேரம் பெண். கூட்டை விட்டுக் கிளம்பவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள பெரிய புறா அளவு வந்துடும், அதனாலதான் யாரும் குட்டிப் புறாவைத் தெருவுல பார்க்கறதில்லை.

விழுந்ததைப் பார்த்தா முதல் வேலை திரும்பக் கூட்டுல வைக்கறது. மனுஷன் தொட்டா தாய் சேர்க்காதுங்கறது பொய். கூடு கலைஞ்சுபோனா ஆழம் குறைஞ்ச பெட்டியில தேங்காய் நார் போட்டு அதே இடத்துல கட்டிவைங்க, வந்துடும். பகல் முழுக்க ரெண்டுமே வரலைன்னாதான் நாம வளர்க்கறது. அப்பவும் முதல்ல சூடு, அப்புறம்தான் ஆகாரம். உடம்பு சில்லுனு இருக்கற குஞ்சுக்குச் செரிக்காது, உள்ள போனது புளிச்சுடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பெட்டியோட ஒரு பக்கம் மட்டும் வைங்க, சூடு அதிகமானா நகர்ந்து போக இடம் வேணும். வாயைப் பிளந்து சொட்டு விடவே கூடாது. நாக்குக்குப் பின்னாடியே மூச்சுக்குழாய் வாய் இருக்கு, நேரா நுரையீரலுக்குப் போயிடும். மத்த குஞ்சு மாதிரி புறாக் குஞ்சு வாயைத் திறந்து வாங்காது, தாய் வாய்க்குள்ள அலகை நுழைச்சுதான் உறிஞ்சும். 10 மில்லி சிரிஞ்சோட முனையை வெட்டிட்டு, பலூன் துண்டை இழுத்துக் கட்டி நடுவுல சின்னதா ஒரு கீறல் போடுங்க, அதுவே அலகை உள்ள விடும். பறவைக் கடையில கிடைக்கற குஞ்சு மாவை வெந்நீர்ல கரைச்சு, 40 டிகிரிக்கு ஆறினதும் கொடுங்க. தீனிப்பை காலியாகற வரைக்கும் அடுத்த வேளை கிடையாது. பன்னிரண்டு நாளுக்கு மேலன்னா ஃப்ரீசர் பச்சைப் பட்டாணியை வெந்நீர்ல போட்டு இளக்கி ஒவ்வொண்ணா ஊட்டலாம். அரிசிச் சாதம் வேண்டாம்.

அணில் குட்டிக்கும் இதே தப்புதான் நடக்குது. மல்லாக்கப் படுக்க வெச்சுப் பால் விட்டா மூக்கு வழியா ஏறிடும். குப்புற வெச்சுதான் கொடுக்கணும், கொடுத்ததும் ஈரப் பஞ்சால அடிவயித்தைத் தடவணும். தாய் நக்கிவிடாம அந்த வயசுக் குட்டிக்குச் சிறுநீர் போகாது.

நங்கநல்லூர் வேப்பமரம்

காக்கைக் கூட்டில் இரண்டு காக்கைக் குஞ்சு, ஒரு குயில் குஞ்சு. பத்து நாள் கழித்துப் பார்த்தால் குயில் குஞ்சு மட்டும். தள்ளிவிட்டிருக்கிறது. கீழே கிடந்த குஞ்சின் மேல் எறும்பு.

பள்ளிக்கரணை

நங்கநல்லூர் நண்பருக்கு: தள்ளிவிடுவது ஐரோப்பியக் குக்கூவின் பழக்கம். அதன் குஞ்சு பொரிந்த ஓரிரு நாளில் முதுகால் முட்டைகளை ஏற்றி வெளியே தள்ளும். பாடப்புத்தகங்களில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நம் குயில் மேல் பழி போடுகிறோம். நம் ஊர்க் குயில் குஞ்சு அப்படிச் செய்வதாகத் தெரிவதில்லை, காக்கைக் குஞ்சோடு சேர்ந்தே வளர்ந்து இரண்டும் பறந்துபோன கூடுகள் உண்டு. அது ஜெயிப்பது நாள்கணக்கில். குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரியும், காக்கை முட்டைக்கு 16, 17 நாள் வேண்டும். இரண்டு மூன்று நாள் முந்திப் பிறந்தது பெரிதாக, சத்தமாக இருக்கும், தீனி முதலில் அதன் வாய்க்கே போகும். கடைசியில் பொரிந்தது மெலிந்து சாகும், அல்லது நெரிசலில் விழும். குயில் குஞ்சே இல்லாத காக்கைக் கூட்டில்கூடக் கடைக்குட்டிக்கு அதே கதிதான்.

முட்டை வைப்பதில்தான் தந்திரம். ஆண் குயில் கூட்டருகே வந்து கத்தும், காக்கை ஜோடி அதைத் துரத்திப் போகும், புள்ளி போட்ட பெண் குயில் அந்த இடைவெளியில் உள்ளே நுழைந்து இட்டுவிட்டுப் போய்விடும்.

கொளத்தூர் தொட்டிக்காரர்

ஃபைட்டர் மீனில் ஆண், பெண்ணை வளைத்து இறுக்கி விட்டதும் முட்டைகள் வெள்ளைக் கசகசா போல அடியில் இறங்குகின்றன. ஆண் கீழே பாய்ந்து ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி மேலே நுரைக்கூட்டில் துப்புகிறது. பெண் மயங்கினது போல மிதக்கிறது. ஒரு முட்டை மூலையில் தங்கிவிட, எல்லாம் முடிந்த பிறகும் அந்த ஒன்றைத் தேடி ஆண் தரையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

தொட்டியில் தண்ணீர் 15 செ.மீ. போதும். ஆழம் கூடினால் ஆண் ஏறி இறங்கியே களைத்துப்போகும். அடியில் கூழாங்கல் கூடாது, முட்டை இடுக்கில் போய்விடும். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் வேண்டாம், நுரை கலையும். காய்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்று, மிதக்க ஒரு தெர்மாகோல் துண்டு. சூடு 27, 28 டிகிரி. பெண்ணை ஒரு நாள் கண்ணாடிக் குவளைக்குள் காட்டி வையுங்கள். உடம்பில் நெட்டுக்குத்தாகக் கோடு விழுந்த பிறகு திறந்துவிடலாம். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஆண் குத்திக் கொல்லும். ஒன்றரை நாளில் பொரியும். இரண்டு மூன்று நாள் குஞ்சுகள் வால் கீழாகத் தொங்கும், விழுபவற்றை ஆண் எடுத்து வைக்கும். நேராக நீந்தத் தொடங்கிய அன்றே ஆணையும் எடுத்துவிடுங்கள்.

முதல் நாலு நாள் பச்சைத் தண்ணீரில் வளரும் நுண்ணுயிர், அதன் பிறகு ஆர்ட்டீமியா என்கிற பொடி உப்புநீர் இறாலின் குஞ்சு. அதன் முட்டையைப் பொரிக்க ஒரு லிட்டருக்கு 25 கிராம் கல் உப்பு, 28 டிகிரி, பலமான காற்று, 24 மணி நேரம். வடிகட்டி நல்ல தண்ணீரில் அலசித்தான் போட வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூட மூன்றாவது, நாலாவது வாரத்தில் கூட்டமாக இழக்கிறார்கள். நோய் என்று மருந்து ஊற்றுகிறார்கள். அந்த வாரங்களில்தான் காற்றை நேராகச் சுவாசிக்கும் உறுப்பு குஞ்சுக்கு உருவாகிறது. மூடி இல்லாத தொட்டி, மேலே ஓடும் ஃபேன், தண்ணீருக்கு மேல் சில்லென்ற உலர்ந்த காற்று: மேலே வந்து ஒரு வாய் இழுத்ததும் அடிபடுகிறது. கண்ணாடியால் மூடி, ஓரத்தில் விரல் அளவு இடைவெளி விடுங்கள், மருந்தே வேண்டாம்.

ஆணே இல்லாத தொட்டியில் குப்பி மீன் மறுபடி குட்டி போட்டது எப்படி என்று கடையில் சண்டைக்கு வருகிறார்கள். ஒரு முறை சேர்ந்த விந்தைப் பெண் குப்பி மாதக்கணக்கில் சேமித்து வைத்து, சுமார் நாலு வாரத்துக்கு ஒரு ஈத்து போடும். அவ்வளவுதான்.

மாதவரம்

புறாக்காரர் பசும்பாலைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் யாருக்கு உரியதோ அந்தக் கன்றுக்கே அது போகவில்லை. ஈன்ற வீட்டில் சீம்பால் அக்கம்பக்கத்துக்கு டம்ளர் டம்ளராகப் போனது, வெல்லம் போட்டுக் காய்ச்சினார்கள். மூன்றாம் நாள் கன்று கழிந்து கழிந்து, கண் குழிந்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தது.

மாட்டின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் பொருள் கருவுக்குப் போகாது. கன்று வெறுங்கையோடு பிறக்கிறது, சீம்பால்தான் அதற்குக் கவசம். குடல் அதை அப்படியே உள்ளே விடுவதும் முதல் 24 மணி நேரம்தான், மணிக்கு மணி கதவு சாத்திக்கொண்டே வரும். எடையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு: 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர், பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள், மீதி 12 மணி நேரத்துக்குள். அது போக மிஞ்சுவதை நீங்கள் காய்ச்சுங்கள். தொப்புளை டிங்சர் அயோடினில் முக்க மறக்காதீர்கள். மாட்டின் நஞ்சுக்கொடி விழ 12 மணி நேரம் வரை பொறுக்கலாம். விழவில்லை என்று இழுப்பதும் கல் கட்டித் தொங்கவிடுவதும் கருப்பையைக் கிழிக்கும், அடுத்த சினை நிற்காது. கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கரையோரம், பெசன்ட் நகர்

வடநெம்மேலி சொன்னது சரி, 'எல்லாமே' என்றது தவறு.

மார்ச், ஏப்ரலில் குஞ்சு விடுவதைப் பார்க்க வருபவர்களுக்கு ஒன்று. மணல் குளிர்ந்த பிறகுதான், இரவில், கூட்டமாக மேலே வரும். வெளிச்சமான அடிவானம் எதுவோ அதுதான் அவற்றுக்குக் கடல். போன் டார்ச் அடித்தால் கடலுக்கு முதுகைக் காட்டி நம் காலை நோக்கி வருகின்றன. எடுத்துத் தண்ணீரில் விடாதீர்கள். அலைக்குச் சில மீட்டர் முன்னால் இறக்கிவைத்தால் மீதியை அவை நடந்துகொள்ளும். திரும்பும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடங்கள், பின்தங்கிய ஒன்று இருட்டில் காலடியில் இருக்கலாம்.