சி. எலிகன்ஸ் கரு இரண்டு மடங்கிலேயே நின்றுவிடுகிறது, லெட்-502 காரணமா?

கேள்வி:
வணக்கம். சி. எலிகன்ஸ் என்ற சிறு உருளைப்புழுவின் கரு நீண்டு புழுவாவதை நுண்ணோக்கியில் படமெடுக்கிறேன். செல் பிரிதல் பெரும்பாலும் முடிந்த பிறகு, மேல்தோல் செல்கள் வடிவம் மாறியே கரு ஏறக்குறைய நான்கு மடங்கு நீள்கிறது. இத்தனையும் 50 மைக்ரோமீட்டர் முட்டையோட்டுக்குள்! அதுதான் என்னை இதில் இழுத்தது.

செல்லை இறுக்கும் மயோசின் புரதத்தை முடுக்கும் நொதி லெட்-502 கைனேஸ். அதன் மரபணுவை ஆர்.என்.ஏ.ஐ. மூலம் (அதற்கேற்ற இரட்டை இழை ஆர்.என்.ஏ. உள்ள பாக்டீரியாவைப் புழுவுக்கு ஊட்டி) அடக்கினேன். தொடக்கத்திலேயே நிற்கும் என்று நினைத்தேன். ஆனால் எல்லாக் கருக்களும் தொடக்க நீளத்தைப் போல இரண்டு மடங்கு வரை வந்துதான் நிற்கின்றன. மூன்று முறை செய்தும் இதே கதை. 488 நானோமீட்டர் லேசர், 30 நொடிக்கு ஒரு அடுக்குப் படம் (பல ஆழங்களில் எடுத்த படங்களின் தொகுப்பு). முதல் பாதிக்கு லெட்-502 தேவையே இல்லையா?

பதில் 1:
இரண்டு மடங்கில் நின்றால் முதலில் தசையைச் சந்தேகப்படுங்கள். நீட்சிக்கு இரண்டு கட்டங்கள். முதலில் மேல்தோலின் பக்கவாட்டுச் செல்களில் மயோசின் இறுக்குகிறது. மற்ற மேல்தோல் செல்களில் உடலைச் சுற்றி வளையம் வளையமாக ஓடும் ஆக்டின் என்ற புரத இழைகளின் கட்டுகள் கரு பருத்துவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. களிமண் உருண்டையை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் திரியாக நீளுமே, அப்படி. அப்புறம் அடியிலுள்ள தசை துடிக்கத் தொடங்குகிறது. அந்த இழுப்பு ஹெமிடெஸ்மோசோம் என்ற இணைப்புகள் வழியாக மேல்தோலுக்குப் போனால்தான் மீதி நீட்சி. தசைப் புரதம் கெட்ட திரிபுகள் இரண்டு மடங்கில்தான் நிற்கும்.

நின்ற கருக்கள் துடிக்கின்றனவா? ஒப்பீட்டுக்காக, எந்த மரபணுவையும் அடக்காத வெற்றுப் பிளாஸ்மிட் கொடுத்தவை என்ன ஆயின?

கேட்டவர்:
துடிக்கவில்லை. வெற்றுப் பிளாஸ்மிட் கருக்களும் படமெடுத்தால் அங்கேயேதான் நிற்கின்றன. அதே தட்டில் படமெடுக்காமல் விட்டவை பொரிந்துவிட்டன. இதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

பதில் 2:
சரி, அப்படியென்றால் கருவை நிறுத்துவது உங்கள் லேசர்தான். திறனை நன்றாகக் குறையுங்கள், அடுக்குகளையும் குறையுங்கள், 5 நிமிடத்துக்கு ஒரு படம் போதும். துடிக்கத் தொடங்கியதும் கரு ஓட்டுக்குள் புரளும், அதனால் ஒவ்வொரு அடுக்கையும் வேகமாக எடுத்து முடிக்க வேண்டும். வெற்றுப் பிளாஸ்மிட் கரு லேசருக்குக் கீழேயே பொரியும்வரை லெட்-502 பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உங்கள் ஆர்.என்.ஏ.ஐ.யும் பலவீனமாக இருக்கலாம். புதுத் தட்டு, தாய்ப்புழு எல்4 என்ற கடைசி இளம்பருவத்தில் இருக்கும்போதே ஊட்டத் தொடங்குங்கள். கூடவே மெல்-11 என்ற மரபணுவையும் அடக்கிப் பாருங்கள். அது மயோசினைத் தளர்த்தும் பக்கம். போய்விட்டால் இறுக்கம் மிஞ்சி கரு கிழியும். கிழிந்தால் உங்கள் ஊட்டல் வேலை செய்கிறது என்று நம்பலாம்.

கேட்டவர்:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வெற்றுப் பிளாஸ்மிட் கருக்கள் லேசரிலேயே பொரிந்தன. மெல்-11 கருக்கள் பல கிழிந்தன. லெட்-502 அடக்கியவற்றில் சில குட்டைப் புழுவாக வெளிவந்தன, மற்றவை இரண்டு மடங்குக்கு முன்பே நின்றன. ஒன்றரை மடங்கில் நின்ற ஒரு கருவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே தசை விடாமல் துடிக்கிறது, கரு மட்டும் நீளவே இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி.