பால்கனில அடுக்குத் தொட்டி வெச்சு கீரை போடலாமா, 1500 ரூபாய்க்குள்ள முடியுமா?

வேளச்சேரி_பால்கனி
எல்லாருக்கும் வணக்கம். வாடகை வீடு, ரெண்டாவது மாடி, கிழக்கு பார்த்த பால்கனி, 3 அடி அகலம் 8 அடி நீளம் அவ்ளோதான், அதுலயும் பாதிய வாஷிங் மெஷின் புடிச்சுக்குச்சு. காலைல 7ல இருந்து 11 வரைக்கும் நல்ல வெயில், அப்புறம் நிழல். பொண்ணுக்கு 4 வயசு, கீரைன்னா வாயே திறக்க மாட்டா, ஆனா ஸ்கூல்ல அவ முளைக்க வெச்ச வெந்தயத்தை தானே பிச்சு சாப்பிட்டிருக்கா, மிஸ் சொன்னாங்க, அதுல இருந்து எனக்கு இதே நினைப்பா இருக்கு. ஆன்லைன்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற தொட்டி, ஒவ்வொரு அடுக்குலயும் மூணு நாலு வாய் இருக்குமே, அந்த 5 அடுக்கு செட் பார்த்தேன். மண்ணு விதை எல்லாம் சேர்த்து 1500க்குள்ள முடிக்கணும். ஹவுஸ் ஓனர் சுவத்துல ஆணி அடிக்கக்கூடாதுன்னுட்டார், கீழ் வீட்டுக்கு தண்ணி சொட்டவும் கூடாது. வாங்கலாமா, இல்ல நாமளே செஞ்சுக்கலாமா?

திருநகர்_மாடி
5 அடுக்கு வேண்டாம் சிஸ்டர். நான் அதே மாதிரி ஒண்ணு வாங்கி ஒரு வருஷம் பாடுபட்டேன். மேல தண்ணி ஊத்தினா வடிஞ்சு வடிஞ்சு கீழ வரும்னு படத்துல போட்டிருந்துச்சு, வரும்தான், ஆனா ரெண்டே மாசத்துல என் மேல் அடுக்கு புதினா அப்பளம் மாதிரி கையில நொறுங்குது, அடி அடுக்குல விரலை விட்டா சாக்கடை வாடை. காரணம் என்னன்னா கோகோபீட், அதான் தேங்கா நார்த் தூள், ஒரு தடவை நல்லா காஞ்சிருச்சுன்னா சுருங்கி தொட்டி ஓரத்துல இருந்து விலகிரும், அப்புறம் ஊத்துற தண்ணி எல்லாம் அந்த இடுக்கு வழியாவே ஓடிரும், நடுவுல கட்டி காஞ்சபடியே இருக்கும். நாம தண்ணி ஊத்திட்டோம்னு நினைச்சுட்டு இருப்போம். உரமும் கரைஞ்சு அடிக்குத்தான் போகும்.

நான் அப்புறம் பண்ணது இதுதான். ஒரு இன்ச் பிவிசி பைப், மொத்த அடுக்கு உயரத்துக்கு வெட்டி, அடில மூடி போட்டு, ஆணிய காய்ச்சி ஓட்டை போட்டேன். மேல பாதில நிறைய, கீழ பாதில மூணு நாலு மட்டும், ஏன்னா அடில தண்ணி அழுத்தம் ஜாஸ்தி, எல்லாம் அங்கயே போயிரும். அதை நடுவுல நட்டு சுத்தி அடுக்கி, ஒரு சொம்பு தண்ணிய நிதானமா பைப்புக்குள்ள, அரை சொம்பு மேல் அடுக்குல நேரா. இப்ப 4 அடுக்குதான் வெச்சிருக்கேன், நல்லா இருக்கு.

கோவை_கீரைத்தோட்டம்
செட்டே வாங்க வேண்டியதில்லைங்க. சாதா பிளாஸ்டிக் தொட்டி மூணு சைஸ்ல, 16 இன்ச், 12 இன்ச், 8 இன்ச். பெருசுல மண்ணை நிரப்பி அது மேல அடுத்தது, அது மேல சின்னது. வட்டமா நடு சென்டர்ல வெச்சா சுத்தி ரெண்டு இன்ச் இடம்தான் கிடைக்கும், அதனால மேல் தொட்டிகளை சுவத்துப் பக்கம் தள்ளி வெச்சுருங்க, முன்னாடி நாலு இன்ச் கிடைக்கும். உங்களுக்கு வெயில் ஒரு பக்கம் இருந்துதானுங்க வருது, பின்னாடி பக்கம் நட்டாலும் ஒண்ணும் வராது. சாயாம இருக்க, பின்பக்கம் மூணு தொட்டி அடிலயும் நேர்க்கோட்டுல ஓட்டை போட்டு ஒரு கட்டடக் கம்பி சொருகிக்குங்க. எனக்கு மூணு தொட்டியும் 400 ரூபாய்க்குள்ள ஆச்சு.

மண்ணு கலவை ரெண்டு பங்கு கோகோபீட், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கோகோபீட்டை ஊற வெச்சு புழிஞ்சு அந்தப் பழுப்புத் தண்ணிய கொட்டிருங்க, ரெண்டு தடவை, அதுல உப்பு இருக்கும், கழுவாம போட்டா நாத்து நுனி கருகும். இதுல அவசரப்படாதீங்க. தோட்டக்கலைத் துறைல மானியத்துல மாடித்தோட்ட கிட் குடுக்குறப்ப வாங்கிக்குங்க, பை, கோகோபீட், விதை எல்லாம் அதுல வந்துரும்.

வேளச்சேரி_பால்கனி
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்ப தொட்டி முறையே பண்றேன். எந்தச் செடிய எந்த அடுக்குல வைக்கணும்? பொண்ணே விதை போடணும்னு சொல்றா.

நாகர்கோவில்_அக்கா
பாப்பாக்கு முதல்ல வெந்தயம் குடுங்க, மூணு நாலு நாள்ல தலை தூக்கிரும், பிள்ளைங்களுக்கு அதுக்கு மேல காத்திருக்க முடியாது. அடுத்து சிறுகீரை, 25 நாள்ல பறிக்கலாம். கொத்தமல்லி வீட்டு டப்பால இருக்கறதே போதும், ஆனா முழுசா போடாம சப்பாத்திக் கட்டையால லேசா உருட்டி ரெண்டா உடைச்சுப் போடணும், முளைக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதுக்குள்ள வரலைன்னு கிளறிப் பாக்காதீங்க. புதினாக்கும் பொன்னாங்கண்ணிக்கும் விதையே வேண்டாம், சந்தைல வாங்குன கட்டுல இருந்து தடிமனான தண்டா நாலு எடுத்து கீழ் இலைய உருவிட்டு டம்ளர் தண்ணில வெச்சா ஒரு வாரத்துல வெள்ளை வேர் விடும், அப்ப நடுங்க.

மேல் தொட்டி சீக்கிரம் காயும், அங்க கற்பூரவல்லி. நடுவுல கீரை. அடில புதினா, வல்லாரை, அதுங்களுக்கு ஈரம் பிடிக்கும். தக்காளி, கத்திரி இதுல வேண்டாம், நாலு மணி நேர வெயில் அதுக்கு பத்தாது.

மாவுப்பூச்சி வந்தா, லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும் இலைக்கு அடில படுற மாதிரி அடிங்க.

திருநகர்_மாடி
அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கறேன், கீழ் வீட்டுக்கு சொட்டக்கூடாதுன்னு அடில ட்ரே வைப்பீங்க, அதுல நிக்கிற தண்ணிய தினமும் கொட்டிருங்க. டெங்கு கொசு இந்த மாதிரி சுத்தமான தேங்குன தண்ணிலதான் முட்டை போடும், ஒரு வாரம் பத்து நாள் விட்டா கொசுவாவே பறந்துரும். வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு, மறந்துராதீங்க.

வேளச்சேரி_பால்கனி
கண்டிப்பா. கடைசியா ஒரு டவுட், பால்கனி கழுவுறப்ப இதை நகர்த்தணும், கேஸ் சிலிண்டர் வைக்கிற சக்கர ஸ்டாண்டு ஒண்ணு சும்மா கிடக்கு, அது தாங்குமா?

கோவை_கீரைத்தோட்டம்
புல் சிலிண்டரே 30 கிலோ கிட்ட வருமுங்க, 14.2 கிலோ கேஸ், மிச்சம் இரும்பு. 16 இன்ச் தொட்டிய முழுசா நிரப்பி தண்ணி ஊத்துனா அது ஒண்ணே அதைத் தாண்டிரும். அகலமும் பத்தாது. அடித் தொட்டிய 12 இன்ச்ல ஆரம்பிச்சு 10, 8ன்னு வெச்சீங்கன்னா ஸ்டாண்டு தாங்கும், ஆனா இடம் குறையும், அப்ப கீரையக் குறைச்சுட்டு வெந்தயமும் புதினாவும் மட்டும் போடுங்க. தள்ளும்போது அடித் தொட்டிய புடிச்சுத் தள்ளுங்க, மேல புடிக்காதீங்க.